ஒரே புயல், மூன்று குரல்: தொகுப்பாய்வு என்றால் என்ன?

கலிலேயாக் கடலில் புயல் அடிக்கிறது. இயேசு படகில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பயந்துபோன சீடர்கள் அவரை எழுப்புகிறார்கள். இந்தக் கதை புதிய ஏற்பாட்டின் மூன்று சுவிசேஷங்களில் வருகிறது. என்ன சொல்லி எழுப்பினார்கள்? மாற்கு சொல்வது: "போதகரே, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?" மத்தேயு சொல்வது: "ஆண்டவரே, எங்களைக் காப்பாற்றும், சாகிறோம்." லூக்கா சொல்வது: "ஐயரே, ஐயரே, சாகிறோம்." (மூன்றையும் இன்றைய பேச்சுக்கு நெருக்கமாகத் தந்திருக்கிறேன். எந்தத் தமிழ்ப் பைபிளை எடுத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும்.)

இதைக் கவனித்த முதல் ஆள் நாம் இல்லை. ஏறக்குறைய கி.பி. 400-இல் அகஸ்டின் என்ற திருச்சபை அறிஞர் சுவிசேஷங்களின் ஒற்றுமையைப் பற்றி எழுதிய நூலில் இந்த மூன்று கூக்குரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எழுப்பியவர்களின் எண்ணம் ஒன்றுதான், காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். இவற்றில் எந்தச் சொல் உண்மையில் சொல்லப்பட்டது என்று துருவத் தேவையில்லை என்பது அவர் முடிவு. பல நூற்றாண்டுகளுக்குத் திருச்சபை பெரும்பாலும் அந்த வழியிலேயே போனது. வேறுபாடு என்பது சமாதானம் சொல்லித் தீர்க்கவேண்டிய ஒரு சங்கடம்.

1948-இல் குந்தர் போர்ன்காம் என்ற ஜெர்மன் அறிஞர் இதே புயலைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அகஸ்டின் துருவத் தேவையில்லை என்று விட்ட இடத்தைத்தான் அவர் துருவினார். மத்தேயு ஏன் இப்படி மாற்றினார், மாற்றியதன்மூலம் தம் வாசகர்களுக்கு என்ன சொல்ல வந்தார் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்த முறைதான் தொகுப்பாய்வு. இறையியல் கல்லூரி மாணவர்கள் 'ரெடாக்‌ஷன் கிரிட்டிசிசம்' என்று படிப்பது இதைத்தான். ஒரு சுவிசேஷகர் தம் கைக்கு வந்த செய்திகளை எப்படித் தேர்ந்தார், எந்த வரிசையில் வைத்தார், எங்கே சுருக்கினார், எங்கே சேர்த்தார் என்று பார்த்து, அவருடைய நோக்கத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சி இது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைபிள் ஆய்வில் நடந்தவற்றில், சாதாரண வாசகருக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்தில் பெரிய சத்தம் எழுப்பியது ருடால்ஃப் புல்ட்மன் 1941-இல் தொடங்கிவைத்த விவாதம்: புதிய ஏற்பாட்டின் செய்தியை அதன் பழங்காலத் தொன்ம மொழியிலிருந்து பிரித்து விளக்கவேண்டும் என்றார். 1947 வாக்கில் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த பழங்கால யூதச் சுருள்களும் உலகத்தின் கவனத்தை இழுத்தன. அவை இரண்டும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் ஒரு பைபிளும் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது தொகுப்பாய்வு.

இதற்கு முன்னால் என்ன இருந்தது?

மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கின்றன. மாற்கிலுள்ள செய்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருக்கிறது. பல இடங்களில் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களில் பலர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: மாற்கு முதலில் எழுதினார், மத்தேயுவும் லூக்காவும் அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். மாற்கில் இல்லாமல் மத்தேயு, லூக்கா இருவரிடமும் பொதுவாக இருக்கும் இயேசுவின் போதனைகளுக்கு இன்னொரு மூலம் இருந்திருக்க வேண்டும். அதற்கு 'கியூ' என்று பெயர் வைத்தார்கள். அந்த நூல் யாருக்கும் கிடைக்கவில்லை. அது ஓர் ஊகம். ஆனாலும் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்றும் இதை ஏற்கிறார்கள்.

அப்புறம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் மூன்று நூல்கள் வந்தன. 1919-இல் கார்ல் லுட்விக் ஷ்மிட்டும் மார்ட்டின் டிபேலியஸும் எழுதினார்கள். 1921-இல் புல்ட்மன் எழுதினார். சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன் இந்தக் கதைகள் வாய்மொழியாகத் தனித்தனியே உலவின. சபைகள் பிரசங்கத்திலும் ஆராதனையிலும் வாதத்திலும் அவற்றைப் பயன்படுத்தின. ஒவ்வொரு கதைக்கும் அதன் பயன்பாட்டுக்கு ஏற்ற ஒரு வடிவம் உண்டு என்றார்கள். இதை வடிவாய்வு என்று சொல்லலாம். இந்தப் பார்வையில் சுவிசேஷம் என்பது நூலில் கோத்த முத்துகள். முத்து ஒவ்வொன்றையும் கழற்றி எடுத்து ஆராய்ந்தார்கள். கோத்தவர் பக்கம் அவ்வளவாகப் பார்வை போகவில்லை. புல்ட்மன் தம் நூலின் கடைசிப் பகுதியில் தொகுப்பு வேலையைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1934-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆர். எச். லைட்ஃபுட்டும் சுவிசேஷகர்களின் கைவண்ணத்தைப் பற்றிச் சொற்பொழிவுகளில் பேசினார். ஆனால் அது தனி முறையாகத் திரளவில்லை.

போர்ன்காம் புல்ட்மனிடம் படித்தவர். நாத்சி ஆட்சியில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பெத்தேல் என்ற ஊரிலிருந்த சபையின் இறையியல் பள்ளியில் கற்பித்தார். 1939-இல் அதையும் அரசு மூடியது. போருக்குப் பிறகு அந்தப் பள்ளி திரும்பத் திறந்தது. புயல் கட்டுரை அந்தப் பள்ளியின் ஆண்டு மலரில்தான் வந்தது. அலையில் தத்தளிக்கும் படகைத் திருச்சபையாகப் பார்க்கும் ஒரு வாசிப்பு அப்படிப்பட்ட ஆண்டுகளைக் கடந்துவந்தவரின் பேனாவிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்காமல் என்னால் படிக்க முடியவில்லை.

மத்தேயுவின் படகில்

சரி, அந்தப் புயலுக்கே போவோம். மாற்கு 4-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் மத்தேயு 8:18–27-ஐயும் எதிரெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்கில் கதை உயிரோட்டமாக இருக்கிறது. சாயங்கால நேரம். கூட்டத்தை அனுப்பிவிட்டு, இயேசு இருந்தபடியே அவரைச் சீடர்கள் படகில் கொண்டுபோகிறார்கள். வேறு படகுகளும் கூடப் போகின்றன. இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். நேரில் பார்த்தவர் சொல்வதுபோல் ஒவ்வொன்றும் கண்ணில் நிற்கிறது. மத்தேயுவில் தலையணை இல்லை, மற்றப் படகுகள் இல்லை. தாம் சொல்ல வந்ததற்கு வேண்டாதவற்றை உதறிவிடுகிறார்.

ஆனால் ஒன்றைச் சேர்க்கிறார். இயேசு அக்கரைக்குப் போகச் சொன்னதற்கும் படகில் ஏறுவதற்கும் நடுவில் இரண்டு பேர் வருகிறார்கள். யூதச் சட்டம் கற்ற ஒரு வேதபாரகர், "நீர் எங்கே போனாலும் உம்மைப் பின்பற்றி வருவேன்" என்கிறார். நரிகளுக்குக் குழிகள் உண்டு, பறவைகளுக்குக் கூடுகள் உண்டு, மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று பதில் வருகிறது. இன்னொருவர் தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்கிறார். "என்னைப் பின்பற்றி வா" என்கிறார் இயேசு. மாற்கில் இந்த உரையாடல் எங்குமே கிடையாது. லூக்காவில் இருக்கிறது, ஆனால் புயலுக்குப் பக்கத்தில் இல்லை. 9-ஆம் அதிகாரக் கடைசியில், எருசலேமுக்குப் போகும் வழியில் வருகிறது. மத்தேயுதான் அதைக் கொண்டுவந்து புயலின் வாசலில் வைத்திருக்கிறார்.

அடுத்த வசனத்தைப் பாருங்கள். மாற்கில் சீடர்கள் இயேசுவைப் படகில் கொண்டுபோனார்கள். மத்தேயுவில் இயேசு முதலில் ஏறுகிறார். சீடர்கள் அவருக்குப் பின்னால் ஏறுகிறார்கள். 'பின்பற்றுவது' என்று இரண்டு பேரிடம் பேசிய அதே பேச்சு இங்கே தொடர்கிறது. இயேசுவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு மத்தேயு காட்டும் விடை இந்தப் படகுப் பயணம். பின்பற்றிப் போனால் புயலுக்குள் போகவேண்டி வரும்.

புயலுக்கே அவர் போடும் சொல் வழக்கமான புயற்காற்றைக் குறிப்பதல்ல. மூல கிரேக்கத்தில் அது நிலநடுக்கத்துக்கான சொல். கடைசிக் காலத்து வேதனைகளைப் பற்றிப் பேசும் 24-ஆம் அதிகாரத்திலும் அதே சொல் வருகிறது. இந்தப் படகைச் சுற்றி நடப்பது ஒரு நாள் சாயங்காலத்து மோசமான வானிலை மட்டும் அல்ல என்று போர்ன்காம் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இப்போது கூக்குரல். மாற்கின் சீடர்கள் கோபமாகக் கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள். மத்தேயுவின் சீடர்கள் ஜெபம் பண்ணுகிறார்கள். "ஆண்டவரே, காப்பாற்றும்" என்பது எந்தச் சபையிலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கக்கூடிய குரல். மத்தேயுவில் சீடர்கள் இயேசுவை 'ஆண்டவரே' என்றுதான் அழைப்பார்கள். 'போதகரே' என்று கூப்பிடுவது வெளியாட்கள். சற்று முன் வந்த வேதபாரகர் அப்படித்தான் கூப்பிட்டார். யூதாசைக் கூட மத்தேயு இதில் விட்டுவைக்கவில்லை. கடைசி இரவு உணவில் மற்றவர்கள் "ஆண்டவரே, நானோ?" என்று கேட்க, யூதாஸ் மட்டும் "ரபீ, நானோ?" என்கிறான். 'ரபீ' என்றாலும் போதகர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அடுத்தது. மாற்கில் இயேசு எழுந்ததும் முதலில் காற்றையும் கடலையும் அதட்டுகிறார். எல்லாம் அடங்கியபிறகு சீடர்களைப் பார்த்து, ஏன் பயந்தீர்கள், உங்களுக்கு இன்னும் விசுவாசம் இல்லையா என்று கேட்கிறார். லூக்காவிலும் அதே வரிசை. மத்தேயு இதைத் தலைகீழாக்குகிறார். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது, படகுக்குள் அலை புரண்டு வருகிறது, அந்த நேரத்தில் இயேசு பேசுகிறார்: "அற்பவிசுவாசிகளே, ஏன் பயப்படுகிறீர்கள்?" பேசி முடித்த பிறகுதான் எழுந்து காற்றை அதட்டுகிறார். மாற்கில் பிரச்சினை தீர்ந்தபின் பாடம் வருகிறது. மத்தேயுவில் ஆண்டவரின் சொல் ஆபத்தின் நடுவிலேயே வருகிறது. மத்தேயு எழுதியது ஏறக்குறைய கி.பி. 80-களில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. எருசலேம் ஆலயம் இடிந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்தச் சபைக்குப் புயல் இன்னும் அடங்கவில்லை. அவர்களுக்கு எந்த வரிசை வேண்டும் என்று தெரிந்தே மத்தேயு மாற்றினார் என்று படிக்கும்போது, 19 நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு மேய்ப்பரின் கையைப் பார்த்ததுபோல் இருக்கிறது.

'அற்பவிசுவாசிகள்' என்பதும் மத்தேயுவுக்கு உரிய பேச்சு. மாற்கில் அந்தச் சொல் வருவதே இல்லை. லூக்காவில் ஒரே ஓர் இடம். மத்தேயுவில் அது திரும்பத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் சீடர்களை நோக்கி. விசுவாசம் அறவே இல்லாதவர்கள் அல்ல, பின்னால் வந்தவர்கள்தான். ஆனால் அழுத்தம் வந்தால் தடுமாறுகிறவர்கள்.

ஒரு கதையில் மட்டும் இப்படி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மத்தேயு எல்லா இடத்திலும் இதே போக்கில் போகிறாரா என்று பார்க்க வேண்டும். தொகுப்பாய்வின் உயிரே அந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது. இயேசு கடல்மேல் நடந்துவந்த கதையில் மாற்கு, சீடர்கள் உணராதிருந்தார்கள், அவர்கள் இருதயம் கடினமாயிருந்தது என்று முடிக்கிறார். மத்தேயுவில் அதே சீடர்கள் பணிந்து, "நீர் மெய்யாகவே தேவனுடைய குமாரன்" என்கிறார்கள். இன்னோர் இடம்: இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்ட கதை. மாற்கு 10-இல் யாக்கோபும் யோவானும் தாங்களே கேட்கிறார்கள். மத்தேயு 20-இல் அவர்களுடைய தாய் வந்து கேட்கிறாள். ஆனால் பதிலைப் பாருங்கள்: "நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை, நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா?" அம்மா கேட்ட கேள்விக்குப் பிள்ளைகளிடம் பதில். "கூடும்" என்று சொல்வதும் அவர்களே. மாற்கின் உரையாடல் உள்ளே அப்படியே இருக்க, மேலே மத்தேயு போட்ட தையல் தெரிகிறது.

மற்ற இருவரும்

மாற்கைப் பற்றி வில்லி மார்க்ஸன் 1956-இல் ஒரு நூல் எழுதினார். இந்த முறைக்கு ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தவரும் அவர்தான். மாற்கு கலிலேயாவை இவ்வளவு வலியுறுத்துவது, ரோமுக்கு எதிரான யூதப் போர் நடந்த ஆண்டுகளில் சபையைக் கலிலேயாவுக்கு அழைத்து அங்கே ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கச் சொல்வதற்காக என்றார். அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று நின்றுவிட்டது. ஒரு வசனத்தைக் கையில் எடுத்தால் மூன்று சூழல்களைக் கேட்கவேண்டும்: இயேசு பேசிய சூழல், அதைச் சபை வாய்மொழியாகக் காத்த சூழல், சுவிசேஷகர் அதை எழுதிய சூழல். மூன்றாவதைத்தான் அதுவரை மறந்திருந்தார்கள்.

லூக்காவைப் பற்றி ஹான்ஸ் கொன்ஸல்மன் 1954-இல் எழுதிய நூலின் தலைப்பு 'காலத்தின் நடு' என்று பொருள்படும். இயேசு சீக்கிரம் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்த தலைமுறை போய்க்கொண்டிருந்தது. காலம் நீண்டுகொண்டே போனது. இதற்கு லூக்கா வரலாற்றை மூன்று கட்டமாகப் பார்த்து விடை தந்தார் என்றார் கொன்ஸல்மன்: இஸ்ரவேலின் காலம், நடுவில் இயேசுவின் காலம், பிறகு திருச்சபையின் காலம். இதைச் சின்ன மாற்றங்களில் பார்க்கலாம். மாற்கு 8-இல் இயேசு, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும் என்கிறார். லூக்கா 9:23-இல் 'அனுதினமும்' என்று ஒரு சொல் கூடியிருக்கிறது. நாளை முடிவு வந்துவிடும் என்று நினைப்பவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது. வருடக்கணக்கில் வாழவேண்டிய சபைக்கு அது தேவைப்பட்டது. மாற்கு 13-இல் பாழாக்கும் அருவருப்பு என்று மறைபொருளாக வருவது லூக்கா 21-இல் சேனைகளால் சூழப்பட்ட எருசலேம் என்று வெளிப்படையாகிறது, கி.பி. 70-இல் நகரம் விழுந்ததை அறிந்தவரின் எழுத்து இது என்று பலர் கருதுகிறார்கள்.

கொன்ஸல்மனின் கட்டமைப்பில் ஓட்டைகளும் உண்டு. லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை, மரியாளின் பாடலும் மேய்ப்பர்களும் வரும் அந்தப் பகுதியை, அவர் கிட்டத்தட்ட கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆசிரியரின் இறையியலைத் தேடும் ஒருவர் அவருடைய தொடக்கத்தையே விட்டுவிடுவது பெரிய குறை.

எவ்வளவு நம்பலாம்?

முழு முறையும் மாற்கு முந்தியவர் என்ற கருத்தின்மேல் நிற்கிறது. வில்லியம் ஃபார்மர் என்ற அமெரிக்க அறிஞர் 1964-இல் அதை எதிர்த்தார், மத்தேயுதான் முதல் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால் மேலே படித்தது எல்லாம் தலைகீழாகும்: மத்தேயுவின் ஜெபத்தை மாற்குதான் குறைகூறலாக மாற்றினார் என்றாகிவிடும். பெரும்பான்மையோர் ஃபார்மரை ஏற்கவில்லை, ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. மாற்கைப் பொறுத்தவரை இன்னும் சிக்கல்: அவர் கையில் இருந்த மூலம் நம்மிடம் இல்லை. எதை மாற்றினார் என்பதையே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து, மாற்றத்தை மட்டுமே ஆசிரியரின் குரலாக எண்ணுவது. மாற்கிலிருந்து ஒரு வரியை மத்தேயு அப்படியே எடுத்துக்கொண்டால் அதுவும் அவர் விரும்பி வைத்துக்கொண்டதுதானே? 1970-களுக்குப் பின் பல ஆய்வாளர்கள் ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுவதைக் குறைத்து, ஒவ்வொரு சுவிசேஷத்தையும் முழுக்கதையாக வாசிக்கத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

விசுவாசிகளுக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் புயல் நடக்கவே இல்லையா? தொகுப்பாய்வு அதற்கு விடை சொல்வதில்லை. அது கேட்பது மத்தேயு என்ன சொன்னார் என்பதை மட்டுமே. வரலாற்றுக் கேள்வி தனியாக நிற்கிறது. அதை இதே ஆண்டுகளில், 1953-இல், புல்ட்மனின் இன்னொரு மாணவரான எர்ன்ஸ்ட் கேஸமன் திரும்ப எழுப்பினார். வரலாற்று இயேசுவைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல முடியாது என்று கைவிட்டுவிடக் கூடாது என்றார். போர்ன்காமும் 1956-இல் நாசரேத்து இயேசுவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சுவிசேஷகரைக் கவனித்தவர்கள் இயேசுவைக் கைவிட்டவர்கள் அல்லர்.

கத்தோலிக்கத் திருச்சபை எடுத்துக்கொண்ட பாதை இதில் கவனிக்க வேண்டியது. 1943-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் தம் சுற்றுமடலில், மூல மொழிகளையும் எழுத்தாளர் காலத்து இலக்கிய வகைகளையும் ஆராயும்படி கத்தோலிக்க அறிஞர்களை ஊக்கினார். 1964-இல் பாப்பிறை விவிலிய ஆணையம் சுவிசேஷங்களைப் பற்றி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. அதில் மூன்று கட்டங்கள் சொல்லப்பட்டன: இயேசு கற்பித்தது, திருத்தூதர்கள் பறைசாற்றியது, நற்செய்தியாளர்கள் தேர்ந்தும் தொகுத்தும் தம் சபைகளின் நிலைமைக்கு ஏற்ப விளக்கியும் எழுதியது. அடுத்த ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இதையே ஏற்றது. 1940-களில் ஒரு புராட்டஸ்டண்ட் பள்ளியின் ஆண்டு மலரில் வந்த பார்வைக்கு மிக நெருக்கமான ஒன்று, இருபது ஆண்டுகளுக்குள் ரோமின் போதனையில் இடம்பிடித்துவிட்டது. அப்போதும் அந்த அறிவுறுத்தல் நற்செய்திகள் தரும் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உண்மை எப்படி நம் கைக்கு வந்தது என்பதைத்தான் விளக்கியது.

நீங்களே முயன்று பார்க்க ஏற்ற இடம் பேதுருவின் அறிக்கை, அதாவது இயேசு யார் என்று பேதுரு சொல்லும் பகுதி: மாற்கு 8:27–33, மத்தேயு 16:13–23, லூக்கா 9:18–22. மூன்றையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். மாற்கில் இருந்து மற்ற இருவரும் வைத்துக்கொண்டதை ஒரு நிறத்திலும், சேர்த்ததை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள்; விட்டுப்போனதற்கு இடைவெளி விடுங்கள். மத்தேயு பேதுருவுக்குக் கன்மலையும் திறவுகோல்களும் தருகிறார், ஆனால் "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்ற கடிந்துரையை நீக்கவில்லை. லூக்கா புகழ்ச்சியையும் தரவில்லை, கடிந்துரையையும் வைக்கவில்லை. காரணம் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள்: மத்தேயு 14:28–31-ஐயும் லூக்கா 22:31–32-ஐயும் படியுங்கள். இருவரும் பேதுருவைப் பற்றி வேறெங்கே, எப்படிப் பேசுகிறார்கள் என்று அங்கே தெரியும். ஒரே ஓர் இடத்தை வைத்து யாருடைய நோக்கத்தையும் தீர்மானித்துவிடாதீர்கள்.